கடலூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று: இரண்டு ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள்

ஒரே விளையாட்டு, ஒரே பெட்டி, ஒரே ஆண்டு. 1988இல் ஜப்பானின் இரண்டு நிறுவனங்கள் ஐஸ் ஹாக்கியை வைத்துத் தனித்தனியே வீட்டு வீடியோ ஆட்டங்களை வெளியிட்டன. நின்டெண்டோவின் ஆட்டத்துக்குப் பெயர் ‘ஐஸ் ஹாக்கி’, அவ்வளவுதான். ஜனவரி 21 அன்று ஃபாமிகாம் பெட்டிக்கான டிஸ்க்காக ஜப்பானில் வெளிவந்து, மார்ச்சில் கேசட்டாக அமெரிக்கா போனது. கொனாமியின் ஆட்டமான ‘பிளேட்ஸ் ஆஃப் ஸ்டீல்’ முந்தின ஆண்டே காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்தில் பிறந்துவிட்டது. ‘கொனாமிக் ஐஸ் ஹாக்கி’ என்ற பெயரில் அது 1988 செப்டம்பரில் ஜப்பானிய வீடுகளுக்கும், டிசம்பரில் பழைய பெயரிலேயே அமெரிக்க வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டில் எது உசத்தி என்ற வழக்கு வட அமெரிக்காவில் இன்னும் முடியவில்லை. ஆனால் அது பனியில் சறுக்கி வளர்ந்தவர்கள் நடத்தும் வழக்கு. எந்த ஆட்டம் அசல் ஐஸ் ஹாக்கிக்குக் கிட்டே வருகிறது என்பதை வைத்தே அவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் இவற்றை ஆடிய எங்களுக்கு அசல் எது என்றே தெரியாது. கடலூரில் ஐஸ் என்றால் முதுநகர் துறைமுகம்தான்: தொழிற்சாலையிலிருந்து பாளமாக வந்து, அரைபட்டு, மீன் பெட்டிகளுக்குள் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டப்படும் சமாச்சாரம். அதன்மேல் ஆட்கள் கத்தி கட்டிய பூட்ஸோடு ஓடுவார்கள், ‘பக்’ என்ற கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றைக் கோலால் தள்ளிக்கொண்டு போவார்கள், நடுவில் அடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் டிவி கேமில் பார்த்த பிறகுதான் தெரியும். ஆகவே இங்கிருந்து ஒப்பிட்டால் கேள்வி வேறு: விதியும் தெரியாமல் ஆளும் தெரியாமல் வந்து உட்கார்ந்த ஒருவனை எந்த ஆட்டம் உள்ளே இழுத்துக்கொள்கிறது?

என் அனுபவத்தில் இரண்டும் இரண்டு ஊர்களில் இருந்தன. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் கேம் கடையில், பல ஆட்டங்கள் அடங்கிய மஞ்சள் கேசட் ஒன்றில் நின்டெண்டோவின் ஆட்டம் இருந்தது. பிளேட்ஸ் ஆஃப் ஸ்டீல் இருந்தது சிதம்பரத்தில், சித்தி வீட்டு மாடியில் குடியிருந்த மருத்துவக் கல்லூரி அண்ணன் ஒருவரிடம். அவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. அதன் மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கியபின் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் அந்த ஊருக்கு வந்து தங்குவது வழக்கமாகிவிட்டது. அவர்களுடைய பெட்டி படுக்கையோடு இப்படிச் சிலதும் வந்தன. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் கிடக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆண்கள் பிழைக்கப் போன ஊர் அது. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கேசட்டும் இருக்கும்.

நின்டெண்டோ தன் பெட்டியை அப்போது இங்கே கடை போட்டு விற்கவில்லை. நாம் ஆடியவை லிட்டில் மாஸ்டர், மீடியா என்ற பெயர்களில் கிடைத்த நகல்கள். ஆகவே நின்டெண்டோ என்ற பெயரே பலருக்குத் தெரியாது. டிவி கேம், கேசட், ரிமோட். இந்த மூன்று சொல் போதும்.

முதலில் நின்டெண்டோவின் ஆட்டம். தொடங்கும்முன் அது ஒன்று கேட்கிறது: உன் நான்கு ஆட்களும் எப்படிப்பட்டவர்கள்? ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று மூன்று உருவங்கள். ஒல்லி விர்ரென்று போவான். நடுவர் பக்கைப் போட்டதும் அவன்தான் முதலில் தட்டுவான். ஆனால் உரசினாலே விழுவான், அடியில் வேகம் இருக்காது. குண்டு நகரவே யோசிப்பான். நகர்ந்துவிட்டால் எதிரே வருபவன் காலி, அவன் அடித்தால் பீரங்கி. நடுத்தரம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். நான்கு இடம், மூன்று உடம்பு. மொத்தம் 15 விதமான அணிகள். அட்டவணை கிடையாது, நட்சத்திரக் குறி கிடையாது, ஆங்கிலம் படிக்கத் தேவையில்லை. உருவத்தைப் பார்த்தாலே குணம் தெரிகிறது. ஐஸ் ஹாக்கியில் அசலாகச் சறுக்குபவர்கள் ஐவர், காப்பாளர் ஒருவர். நின்டெண்டோ சறுக்குபவர்களில் ஒருவரைக் குறைத்து நால்வராக்கியது. பெட்டியால் ஒரு கிடைக்கோட்டில் 8 சிறு படத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது, மீறினால் உருவங்கள் மின்னி மறையும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் நால்வர் என்பது நல்ல கணக்கு. ஒவ்வொரு ஆளும் கணக்கில் எடுபடுகிறான்.

இந்த ஒரு கேள்வியில்தான் ஆட்டத்தின் புத்திசாலித்தனம் முழுவதும் இருக்கிறது. கபடிக்கு ஆள் பிரிக்கிறவன் எப்படி யோசிப்பானோ அப்படியே இதற்கும் யோசிக்கலாம். மறிக்க ஒரு கனமான உடம்பு, பாய்ந்து போய்த் தொட்டுவிட்டு வர ஒரு லேசான உடம்பு. கடலூர்க் கடையில் சண்டை ஆட்டம் தொடங்கும்முன்பே தொடங்கிவிடும். “ரெண்டு குண்டு, ரெண்டு ஒல்லிதாண்டா சரி” என்பான் ஒருவன். நடுத்தரம் எதற்கென்றே தெரியாது என்பது இன்னொருவன் கட்சி. எனக்கு அது அநியாயமாகப் பட்டது, இப்போதும் படுகிறது. நடுத்தரன் இல்லாத அணியில் பக்கை எடுத்துவரவும் அடிக்கவும் ஒரே ஆளை நம்ப முடியாது. ஒல்லி கொண்டுவருவான், குண்டனைத் தேடிக் கொடுக்க வேண்டும். குண்டன் எப்போதும் ஓர் அடி பின்னால்தான் இருப்பான். இந்த மாதிரித் தர்க்கங்களை ஒரு பனித்தளத்தைக்கூடப் பார்க்காத பையன்கள் மணிக் கணக்காகச் செய்ய முடிந்தது என்றால், அந்த வடிவமைப்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதைச் செய்தவர் ஹிடெகி கொன்னோ. இசை சோயோ ஓகா. இந்த இருவருமே 1992இல் ‘சூப்பர் மாரியோ கார்ட்’டிலும் இருந்தார்கள். அதில் கனமானவர்கள் மெதுவாக வேகம் பிடித்துக் கடைசியில் எல்லோரையும் முந்துவார்கள். லேசானவர்கள் சட்டென்று கிளம்பி, மோதினால் தெறித்துப் போவார்கள். பனித்தளத்தில் விதைத்தது பந்தயப் பாதையில் முளைத்தது என்றே நான் வாசிக்கிறேன்.

இனி கொனாமி. பெட்டியை ஆன் செய்தால் ஒரு மனிதக் குரல் ஆட்டத்தின் பெயரைச் சொல்லும். 8 பிட் பெட்டியில் மனிதக் குரல் கேட்பதே அன்று அதிசயம். ஆட்டத்துக்கு நடுவிலும் பாஸ் கொடுத்தால் கூவும். என்ன சொல்கிறது என்று எங்களுக்குப் புரிந்ததில்லை. புரியாததால் மதிப்பு கூடியது. சிதம்பரத்து மாடியில் அந்தக் குரலைக் கேட்கவென்றே கீழ்வீட்டுப் பையன்கள் ஏறி வருவார்கள். பெட்டிக்குள் ஒலித்துணுக்குகளை அப்படியே பதிந்து ஒலிக்கச் செய்ய ஒரு தனி வழி உண்டு. அதற்கு நினைவிடம் நிறைய வேண்டும். கொனாமி தாராளமாகச் செலவழித்தது.

இங்கே ஆட்களிடையே உடல் வித்தியாசம் இல்லை. எல்லோரும் ஒரே அளவு, ஒரே வேகம். அணியைத் தேர்ந்தெடுப்பது சட்டை நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். ஜூனியர், காலேஜ், புரோ என்று கடினத்தில் மூன்று படிகள். முடிவெடுக்க வேண்டியதெல்லாம் ஆட்டத்தின் ஓட்டத்தில்தான் வருகிறது. கோலுக்கு எதிரே ஓர் அம்புக்குறி மேலும் கீழும் அலையும். அடிக்கும் கணத்தில் அது எங்கே நிற்கிறதோ அங்கே பக் போகும். காப்பாளனின் கவனம் ஒரு மூலையில் இருக்கும்போது அம்பு மறுமூலைக்கு வரக் காத்திருந்து அடிக்க வேண்டும். கண், கை, நரம்பு. இதைக் கற்றுக்கொள்ள நேரமாகும், கற்றால் போதை. மாடி அண்ணன் அதில் கெட்டிக்காரர். அவரிடம் எதற்கு அந்த நேரத்தில் அடித்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும்.

இடைவேளைகளில் இரண்டும் தத்தம் குணத்தைக் காட்டிவிடுகின்றன. நின்டெண்டோ பனியைச் சமப்படுத்தும் வண்டிகளை ஓட்டிக் காட்டுகிறது. அசல் அரங்கில் நடப்பதும் அதுவே, ஒரு வேடிக்கைக்காக வைத்தது. கொனாமியோ தன் பிற ஆட்டங்களுக்கு விளம்பரம் போடுகிறது, அல்லது தன்னுடைய ‘கிரேடியஸ்’ விண்கல ஆட்டத்தின் குட்டித் துண்டொன்றை ஆடக் கொடுக்கிறது. ஐஸ் ஹாக்கிக்கு நடுவில் ராக்கெட் எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. இலவசமாக இன்னோர் ஆட்டம் கிடைத்தால் யார் கேட்பார்கள்?

சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் பெயர் வாங்கித் தந்தது அதுதான். நின்டெண்டோவில் இருவர் பக்குக்காக விடாமல் முட்டிக்கொண்டே இருந்தால் மற்றவர்களும் ஓடி வந்து குவிவார்கள். ஒரே தூசுமேகம் மாதிரி ஆகிவிடும். பொத்தானை வெறியோடு அமுக்குவதைத் தவிர வேலை இல்லை. திருவிழாக் கூட்டத்தில் நடக்கும் கைகலப்பு போல, யார் யாரை அடித்தார் என்று சொல்ல முடியாது. கொனாமியில் அது இரண்டு பேருக்கு இடையிலான குஸ்தி. மோதல் முற்றினால் திரை மாறி இருவரும் பெரிய உருவமாக எதிரெதிர் நிற்பார்கள். மேல்குத்து, கீழ்குத்து, தடுப்பு என்று தனி ஆட்டமே நடக்கும். விழுந்தவனை இழுத்துக்கொண்டு போவார்கள்.

இரண்டிலும் ஒரு விசித்திரம் பொது: தண்டனை தோற்ற பக்கத்துக்கு மட்டும். அடித்து வென்றவன் ஆடிக்கொண்டே இருப்பான். அடி வாங்கியவன் வெளியே உட்கார வேண்டும். வட அமெரிக்காவின் பெரிய லீகில் சண்டை போட்டால் இருவருக்குமே 5 நிமிடத் தண்டனை. இந்த இரண்டு ஆட்டங்களையும் செய்தவர்கள் நியாயத்தைக் காட்டிலும் சுவையைப் பெரிதாக எண்ணியிருக்கிறார்கள். அதில் கொனாமியின் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. நன்றாகக் குத்தத் தெரிந்தவன் ஹாக்கி ஆடத் தெரியாமலேயே எதிர் அணியை ஆள் குறைத்துவிடலாம். சிதம்பரத்தில் பலர் ஆடியது ஹாக்கி அல்ல, குத்துச்சண்டை, நடுநடுவே ஹாக்கி.

அணிகளின் பட்டியல் இன்னொரு கதை. நின்டெண்டோவிடம் 6 நாடுகள்: அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், போலந்து, செக்கோஸ்லோவாகியா, சோவியத் யூனியன். கொனாமியிடம் 8 நகரங்கள்: நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், மினசோட்டா, டொரண்டோ, மாண்ட்ரியல், எட்மண்டன், வான்கூவர். அதில் மினசோட்டா நகரமே இல்லை, மாநிலம். லீகின் உரிமம் இல்லாததால் கொனாமி அணிப் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப் பெயரோடு நின்றது. ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி எட்மண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றப்பட்டது 1988 ஆகஸ்ட் 9 அன்று. கனடாவே கலங்கிய செய்தி. அந்த இரண்டு ஊர்களும் இந்தக் கேசட்டில் இருக்கின்றன, அவர் பெயர் எதிலும் இல்லை.

எங்கள் கைக்கு இவை வந்தபோது 90கள் பாதி தாண்டிவிட்டன. அதற்குள் 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. 1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாகியா இரண்டானது. அதே ஆண்டு மினசோட்டாவின் அணி ஊரைக் காலி செய்து டல்லாஸுக்குப் போனது. அதே 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டமும் பிரிந்தது. ஆட்டங்கள் செய்யப்பட்டபோது கடலூரும் சிதம்பரமும் இருந்த மாவட்டமே, நாங்கள் ஆடும்போது இல்லை. கேசட்டில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்தன. கடலூர்க் கடையில் சோவியத் அணிக்குத்தான் முதல் போட்டி. பலமான அணி என்ற எண்ணம் ஒரு காரணம்; மலிவு விலை ரஷ்யப் புத்தகங்கள் வீட்டு அலமாரியில் இருந்த தலைமுறை நாங்கள் என்பது மற்றொன்று. 

சிதம்பரத்தில் டொரண்டோ. அந்தப் பட்டியலில் ஒரு தமிழ் வீட்டில் காதில் விழுந்திருக்கக்கூடிய பெயர்களில் அது முதன்மையானது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து போனவர்கள் டொரண்டோவிலும் மாண்ட்ரியலிலும் வேர்விடத் தொடங்கிய ஆண்டுகளில்தான் இந்த ஆட்டம் வந்தது. நாடுகளைக் கொடுத்தால் சரித்திரப் பாடம் வேலை செய்கிறது. ஊர்களைக் கொடுத்தால் உறவுக்காரர் வேலை செய்கிறார்.

இந்தியா எதிலும் இல்லை என்று அன்று யாரும் குறைபடவில்லை. லே நகரத்தில் உறைந்த குளங்களின்மேல் இந்தியர்கள் அசலாகவே இதை ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இந்தியப் பெண்கள் அணி 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை வென்று தன் முதல் வெற்றியைப் பார்த்தது. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. பெரும்பாலும் லடாக் பெண்கள்.

ஏன் கடலூரில் அது, சிதம்பரத்தில் இது என்பதற்கு என் சித்தி வீட்டு மாடி மட்டும் காரணமில்லை. அளவும் காரணம். நின்டெண்டோவின் ஆட்டம் மொத்தம் 40 கிலோபைட். கொனாமியுடையது 128. பல ஆட்டங்களை ஒரே கேசட்டில் திணிக்கிறவர்களுக்குச் சின்ன ஆட்டங்கள்தான் லாபம். கூடுதல் சில்லு இல்லாமல் அப்படியே அடுக்கலாம். ரோட் ஃபைட்டரும் சர்க்கஸ் சார்லியும் பேட்டில் சிட்டியும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்திருப்பதன் ரகசியம் இதுதான். 9999 ஆட்டங்கள் என்று அச்சடித்த கேசட்டில் இருந்தவை அந்தச் சிலவேதான், பெயரும் எண்ணும் மாறி மாறி. பிளேட்ஸ் ஆஃப் ஸ்டீல் மாதிரிப் பெரிய ஆட்டத்துக்குத் தனிக் கேசட்டோ அதிகச் செலவோ வேண்டும். எனவே மெனக்கெட்டு ஒருவர் கொண்டுவந்தால்தான் அது ஊருக்குள் வரும். அன்றைய ஜப்பானியப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவன் டிஸ்க்கை எடுத்துப் போய்க் கடை இயந்திரத்தில் 500 யென் கொடுத்தால் பழையதை அழித்துப் புதியதை எழுதித் தருவார்கள். நாங்கள் பழைய கேசட்டைக் கொடுத்து, மேலே பணம் போட்டு, கடைக்காரர் மனது வைத்தால் மாற்றிக்கொள்வோம்.

இன்னொன்று, இரண்டு ஊருக்கும் பொது. அன்றைய நம் டிவிகள் பால் (PAL) முறையில் நொடிக்கு 50 தரம் படம் காட்டியவை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. இந்த ஆட்டங்கள் படத்துக்குப் படம் அடி எடுத்து வைப்பவை. 60க்கு எழுதியதை 50இல் ஓட்டினால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மந்தம். கொனாமியின் அலையும் அம்பு எங்களுக்கு மெதுவாக அலைந்தது. மாடி அண்ணனின் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு பங்கை அந்தக் கணக்கில் கழிக்க வேண்டியிருக்கும். நின்டெண்டோவில் ஏற்கெனவே நகர யோசிக்கும் குண்டன் இன்னும் யோசித்தான். ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரமும் சேர்ந்து மந்தமாகும். கடைக்காரரின் சுவர்க் கடிகாரம் மட்டும் சரியாக ஓடும், வாடகை அதன்படிதான்.

என் தீர்ப்பு நின்டெண்டோ பக்கம். பார்க்க நின்றால் கொனாமி. ஆட உட்கார்ந்தால் நின்டெண்டோ. குரலும் குத்துச்சண்டையும் ஆளைக் கூட்டுகின்றன, ஆனால் ஆட்களிடையே பேச்சை வளர்ப்பது ஒல்லி, குண்டு தர்க்கம்தான். 2018 செப்டம்பரில் நின்டெண்டோ தன் ஸ்விட்ச் பெட்டியின் இணையச் சேவைக்குப் பழைய ஆட்டங்களைக் கொண்டுவந்தபோது முதல் பட்டியலிலேயே ‘ஐஸ் ஹாக்கி’யைச் சேர்த்தது. முதன்முறை ஆடுகிறவர்கள் நான்கு இடத்திலும் குண்டர்களைப் போட்டுத் தொடங்கட்டும். கண்டிப்பாகத் தோற்பார்கள், ஏன் தோற்றார்கள் என்பது அடுத்த அணியைப் பொறுக்கும்போதே தெரிந்துவிடும். பிளேட்ஸ் ஆஃப் ஸ்டீலில் தோற்றால் காரணத்தைச் சொல்ல, அதில் கை தேர்ந்த ஓர் அண்ணன் பக்கத்தில் வேண்டும். அவருக்கும் சொல்லத் தெரியாது.